எரிந்த விளக்கும் ஏறாத பேட்டரியும்



உங்கள் வீட்டில் ஏதோ ஒரு மூலையில் இப்பொழுது ஒரு சிறிய பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கக்கூடும். அது இன்வெர்ட்டரில் உள்ளதாக இருக்கலாம். கைவிளக்கின் சார்ஜரில் உள்ளதாக இருக்கலாம். பிள்ளைகளின் விளையாட்டுக் காருக்குரியதாகவும் இருக்கலாம். அதைக் கடந்துபோகும்போது, "சார்ஜ் ஏறுகிறது" என்று நம் மனம் சொல்லிக்கொள்கிறது. நாமும் நிம்மதியாக நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்த விளக்கு உண்மையில் எதற்குச் சாட்சி சொல்லுகிறது என்று எப்பொழுதாவது யோசித்ததுண்டா?

நான் யோசித்ததில்லை. அதன் விளைவாக, 2011ஆம் வருஷத்து மழைக்காலத்தில் ஓர் இரவு என் தகப்பனாரை ஏறக்குறைய இழந்துவிட இருந்தேன். அந்தச் சம்பவத்தையும், அதன்பின் ஒரு பழைய சார்ஜரைப் பிரித்துவைத்து அவரும் நானும் கண்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுப் பட்டணத்தில் பிழைக்கிறவர்களுக்கு இது விசேஷமாய்ப் பயன்படும் என்று நம்புகிறேன்.

விளக்கு அறையில் இருந்தவர்

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்காக அங்கே வந்தவர். 1880ஆம் வருஷத்தில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பொறுப்பை ஏற்ற பின்பு, அநேக தமிழ்க் குடும்பங்கள் இப்படியே அங்கு குடியேறின.

மின்சார விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உண்டாக்கப்பட்ட மின்சாரம், 1902ஆம் வருஷத்திலேயே சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பிகளின் வழியாய் எங்கள் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்ததோ 1905ஆம் வருஷத்தில்தான்.

ஆனாலும் பூமிக்கு மேலே எத்தனை மின்சாரம் இருந்தாலும், பூமிக்குக் கீழே கல்லைக் குடைகிற மனிதனுக்கு அவன் தலையில் இருக்கும் விளக்கே துணை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் உடையது. முற்காலத்துச் சுரங்கங்களில் மெழுகுவர்த்தியும் கார்பைடு விளக்கும் இருந்தன. பின்பு தொப்பி விளக்கு வந்தது. விளக்கு தொப்பியின் நெற்றியில் இருக்கும். பேட்டரி இடுப்புக் கச்சையில் தொங்கும். இரண்டையும் ஒரு கனத்த ஒயர் இணைக்கும். ஈயமும் அமிலமும் கொண்ட அந்தப் பேட்டரியில் 2 வோல்ட் வீதம் இரண்டு அறைகள். மொத்தம் 4 வோல்ட்.

என் தகப்பனார் பத்தொன்பது வருஷம் கீழே இறங்கித் துளைபோடும் வேலை செய்தார். கல்தூசியினால் இருமல் உண்டாகி, மேலே விளக்கு அறைக்கு மாற்றப்பட்டார். ஷிப்டுக்குப் போகிறவர் தம்முடைய எண் பொறித்த டோக்கனைக் கொடுத்துத் தம் விளக்கைப் பெற்றுக்கொள்ளுவார். திரும்பி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்ளுவார். ஷிப்டு முடிந்தபின்பும் ஒரு டோக்கன் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால், ஒருவர் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். ஒப்படைக்கப்பட்ட விளக்கை அப்பா ராக்கில் வைத்து, அதன் தலைப்பாகத்தை அங்குள்ள முனையில் செருகித் திருப்புவார். அந்தத் தொடர்பின் வழியாகத்தான் அடுத்த ஷிப்டுக்குள் சார்ஜ் ஏறும்.

2001ஆம் வருஷம் பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்க வேலை நின்றது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடியற்கால ரயிலில் தினமும் பெங்களூருக்குப் போய்வருகிற கூட்டத்தில் நானும் ஒருவனானேன். சில வருஷங்களுக்குப் பின்பு பெங்களூரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினேன். அப்பாவும் அம்மாவும் சாம்பியன் ரீப் பக்கத்து லைன் வீட்டிலேயே இருந்தார்கள்.

நான் செய்த சார்ஜர்

கல்தூசி அப்பாவின் நுரையீரலை விடவில்லை. மூச்சு முட்டும்போது நெபுலைசர் வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அது மின்சாரத்தில் ஓடும் கருவி. அந்நாட்களில் எங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும். ஆகவே ஒரு சிறிய இன்வெர்ட்டரும், மெக்கானிக் கடை ஒன்றில் 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி கார் பேட்டரியும் வாங்கினேன். ஆறு மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய பழைய மாதிரி பேட்டரி அது.

கணக்கும் போட்டேன். நெபுலைசருக்கு 150 வாட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 15 ஆம்பியர் இழுக்கும். 15 நிமிஷம் ஓடினால் 4 ஆம்பியர்-மணி செலவாகும். இப்படிப்பட்ட பேட்டரிக்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.5 ஆம்பியர் அளவில் சார்ஜ் ஏற்றினால், செலவானதை ஒன்றரை மணி நேரத்தில் ஈடுசெய்துவிடலாம். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் சார்ஜர் ஓடினால் போதும்.

சின்ன வயதிலிருந்தே மின்சாதனங்களைப் பிரித்து மாட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 15 வோல்ட், 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரும், மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் பிரிட்ஜும், பியூஸும், ஆம்பியர் மீட்டரும், பச்சை விளக்கும், இரண்டு கிளிப்புகளும் வாங்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கிச் சார்ஜர் செய்தேன். இரண்டு வருஷம் அது ஒழுங்காய் வேலை செய்தது.

பிறகு ஒரு நாள் ஆம்பியர் மீட்டரின் முள் அசையாமல் நின்றுவிட்டது. அடுத்த வாரம் புதியது வாங்கலாம் என்று எண்ணி, மீட்டரைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களையும் நேராய் இணைத்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. பச்சை விளக்குதான் எரிகிறதே, அது போதாதா என்று இருந்துவிட்டேன்.

ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் அம்மாவிடம், "சார்ஜர் லைட் எரிந்ததா?" என்று கேட்பேன். "நல்லா எரிந்தது தம்பி" என்பார்கள். நான் நிம்மதியாய்த் தூங்கப் போவேன்.

இரண்டு மணிக்கு வந்த அழைப்பு

அந்த இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி மணி அடித்தது. வெளியே மழை. "கரண்ட் இல்லை தம்பி. அப்பாவுக்கு மூச்சு வாங்குது. மிஷின் போட்டேன். பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிட்டது" என்றார்கள் அம்மா. பின்னால் அப்பாவின் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

நூறு கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டு நான் என்ன செய்யக்கூடும்? பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தொலைபேசி செய்தேன். அவன் ஆட்டோ ஓட்டுகிறவன். மழையில் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் கே.ஆர்.புரத்தில் பழைய மெட்ராஸ் சாலையோரம் நின்று, கிடைத்த பேருந்தில் ஏறிக் கோலார் போய், அங்கிருந்து வேறொரு வண்டி பிடித்து ராபர்ட்சன்பேட்டை சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அப்பாவின் முகத்தில் ஆக்சிஜன் மூடி இருந்தது. கண்களைத் திறந்து என்னைப் பார்த்தார். தேவ கிருபையினால் அவர் பிழைத்தார். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் காரியம் வேறாயிருக்கும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, முதலாவது கேட்ட கேள்வி இதுதான்: "பேட்டரியில் எத்தனை வோல்ட் இருந்தது?"

"தினமும் சார்ஜர் லைட் எரிந்தது அப்பா" என்றேன்.

"நான் லைட்டைக் கேட்கவில்லை தம்பி" என்றார்.

குறையைத் தேடின விதம்

அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாய்ச் சோதித்தேன். பழுதான சார்ஜர் எதையும் இந்த வரிசையில் ஆராய்வது நலம் என்பதால் விவரமாய் எழுதுகிறேன். 230 வோல்ட் உள்ளே வருகிற பெட்டியைத் திறப்பதற்கு முன்பு பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மின் வேலையில் பழக்கமில்லாதவர்கள் கிளிப்பையும் பேட்டரியையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, பெட்டியைத் தெரிந்தவரிடம் கொடுப்பது உத்தமம்.

முதலாவது கண்ணும் மூக்கும். கருகின வாடை உண்டா, ஒயர் வெடித்திருக்கிறதா, கிளிப்பில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கிறதா என்று பார்த்தோம். பாசிட்டிவ் கிளிப்பில் கொஞ்சம் பச்சை இருந்தது. துடைத்தால் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாவது, பேட்டரியைத் தனியே அளந்தோம். சார்ஜரை எடுத்துவிட்டுச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் சரியான அளவு தெரியும். 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 முதல் 12.7 வரை காட்டும், பாதியானால் 12.2 அளவில் இருக்கும், 11.9க்குக் கீழே போனால் ஏறக்குறையக் காலி. எங்களுடையது 11.4 காட்டியது. அதாவது அது பல நாட்களாகவே பட்டினி கிடந்திருக்கிறது.

மூன்றாவது, சார்ஜரை இணைத்துச் சுவிட்சைப் போட்டு, பேட்டரியின் முனைகளிலேயே மறுபடியும் அளந்தோம். சார்ஜ் ஏறினால் அந்த எண் மெதுவாய் உயர வேண்டும். பச்சை விளக்கு பிரகாசமாய் எரிந்தது. எண்ணோ 11.4இலேயே நின்றது.

நான்காவது, பியூஸைப் பார்த்தோம், நன்றாக இருந்தது. பிரிட்ஜ் கெட்டால் இரண்டு விதமாய்க் கெடும். அதில் ஒரு டயோடு உள்ளே ஒட்டிக்கொண்டால் பியூஸ் எரிந்துபோகும். அறுந்துபோனால் மின்னோட்டம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். இரண்டும் இங்கே இல்லை.

ஐந்தாவது சோதனையில்தான் நான் குழம்பினேன். கிளிப்புகளைப் பேட்டரியிலிருந்து எடுத்து, அவற்றின் நடுவே மீட்டரை வைத்தேன். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "சார்ஜர் நன்றாக இருக்கிறது அப்பா, பேட்டரிதான் செத்துவிட்டது" என்றேன். அப்பா தலையை அசைத்தார். "சும்மா இருக்கும்போது எல்லாரும் பலசாலிதான். சுமையை வைத்துப் பார்" என்றார்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பாசிட்டிவ் ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவே வரிசையாய் இணைத்தோம். 3 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டிய இடத்தில் 0.1 ஆம்பியர்தான் ஓடியது. (இப்படி அளந்து முடித்ததும் மீட்டரின் ஒயரை உடனே வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மறந்து பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் மீட்டரே எரிந்துபோகக்கூடும்.) பிறகு சார்ஜர் ஓடும்போதே, அதே பாசிட்டிவ் ஒயரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வோல்ட்டை அளந்தோம். நல்ல ஒயரானால் ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. இதிலோ 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரிக்குப் போய்ச் சேர வேண்டியதை ஒயரே தின்றுகொண்டிருந்தது.

பிளக்கை உருவிவிட்டு ஒயரின் மேலுறையைக் கத்தியால் கீறினேன். கிளிப்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பிகள் பச்சையும் கறுப்புமாய்ப் பொடிந்திருந்தன. பேட்டரியின் அமில ஆவி கிளிப்பின் வழியாய் ஏறி, வெளியே தெரியாதபடி உள்ளே அரித்திருக்கிறது. இரண்டு மூன்று இழைகளே மிச்சம். மின்னோட்டம் தேவைப்படாதபோது வோல்ட்டைக் காட்ட அந்த இழைகள் போதும். 3 ஆம்பியரைச் சுமக்க அவை போதாது.

அப்படியானால் பச்சை விளக்கு ஏன் எரிந்தது? அதை நான் பிரிட்ஜுக்கு அடுத்தாற்போல், பியூஸுக்கும் ஒயருக்கும் முன்பாகவே இணைத்திருந்தேன். சுவரில் கரண்ட் இருந்தால் அது எரியும். பேட்டரி இணைந்திருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. பேட்டரிக்குள் ஓடுகிறதை அறிந்து சொல்லக்கூடியது ஆம்பியர் மீட்டர் ஒன்றுதான். அதை நானே கழற்றிப் போட்டிருந்தேன்.

அப்பா சொன்ன ஒரு காரியம்

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வெகுநேரத்துக்குப் பின்பு, இதுவரை எங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

விளக்கு அறைக்கு மாறின முதல் வருஷத்தில் ஒரு நாள், ராக்கில் ஒழுங்காய் நின்றிருந்த ஒரு விளக்கை எடுத்து ஒருவரிடம் கொடுத்தாராம். இரவெல்லாம் ராக்கில் இருந்ததால் நிறைந்திருக்கும் என்று எண்ணினாராம். ஆனால் அந்த இடத்துத் தொடர்பு முனையில் அழுக்குப் படிந்திருந்தது. சார்ஜ் ஏறவில்லை. பாதி ஷிப்டில் விளக்கு மங்கி அணைந்துவிட்டது. தனியாய் ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்த அந்த மனிதர், அசைந்தால் எங்கே விழுவோமோ என்று பயந்து, ஆள் வரும்வரை இருளில் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

"அவர் மேலே வந்து என்னிடம் ஒன்றும் பேசவில்லை. விளக்கை வைத்துவிட்டு டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்" என்றார் அப்பா. "அன்று முதல் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டுப் பார்க்காமல் யார் கையிலும் கொடுத்ததில்லை. ராக்கில் இருந்தது என்பது வேறு. சார்ஜ் ஏறியது என்பது வேறு."

சீர்படுத்தின விதம்

அரித்த பாகம் போகுமட்டும் நறுக்கினால் ஒயர் குட்டையாகிவிடும் என்பதால், இரண்டு பக்கமும் கனமான புதிய செம்பு ஒயர் போட்டேன். கிளிப்பில் வெறுமனே முறுக்கிவிடாமல் இறுக்கிப் பற்றவைத்தேன். புதிய ஆம்பியர் மீட்டர் பொருத்தினேன். பச்சை விளக்கை எடுத்துவிடப் போனபோது அப்பா தடுத்தார். ஒரு காகிதத்தை வெட்டி, விளக்கின் கீழே "கரண்ட் இருக்கிறது" என்றும், மீட்டரின் கீழே "சார்ஜ் ஏறுகிறது" என்றும் தம் கையாலேயே எழுதி ஒட்டினார்.

ஆனால் பட்டினி கிடந்த பேட்டரி முழுவதும் தேறவில்லை. ஈய-அமிலப் பேட்டரி காலியாகக் கிடந்தால், அதன் தகடுகளில் சல்பேட் உப்பு படிந்து கெட்டியாகிவிடும். 2 ஆம்பியரில் மெதுவாய், ஒன்றரை நாள், பகலிலும் இரவிலும் கூடவே ஆள் இருந்து ஏற்றினோம். ஹைட்ரோமீட்டரில் அளந்தபோது ஐந்து அறைகள் 1.250ஐத் தொட்டன, ஒன்று 1.180க்கு மேல் வரவில்லை. ஒரு அறை பலவீனமானாலும் முழுப் பேட்டரியையும் நம்பக் கூடாது. அடுத்த மாதச் சம்பளத்தில் புதியது வாங்கினேன். மின்சாரமே வேண்டாத, கையில் பிடித்து இழுக்கும் இன்ஹேலர் ஒன்றையும் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, அப்பாவின் தலையணைக்கு அடியில் வைத்தோம். மூச்சுக்கருவியை நம்பி வாழுகிறவர்கள் வீட்டில் இருந்தால், "கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது?" என்று உங்கள் டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

வாரந்தோறும் செய்யவேண்டியவை

வாசகரே, அந்நாள் முதல் எங்கள் வீட்டில் கைக்கொள்ளப்படும் ஒழுங்குகள் இவை.

1. முதலாவது கிளிப்புகளைப் பேட்டரியில் மாட்டி, அதன்பின்பே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலாவது சுவிட்சை நிறுத்த வேண்டும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றக்கூடியது. கிளிப்பில் தெறிக்கும் ஒரு பொறி போதும். ஆகையால் ஜன்னல் திறந்திருக்கட்டும். விளக்கோ ஊதுவத்தியோ அருகில் வேண்டாம்.

2. சாதாரணச் சார்ஜர் தானாய் நிற்காது. பேட்டரியின் முனைகளில் 14.4 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இரவெல்லாம் விட்டுவைத்தால் தண்ணீர் வற்றித் தகடு கெடும். தானாய் நிற்கும் சார்ஜர் வாங்க வசதியுள்ளவர்கள் அதையே வாங்குவது நல்லது.

3. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து தண்ணீரைப் பாருங்கள். தகடுகள் வெளியே தெரியக் கூடாது. சார்ஜ் முடிந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் மாத்திரம் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். குறைகிறது தண்ணீரே.

4. முனைகளில் பூத்ததை, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் வாசலின் தடவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுகியிருக்கட்டும். கண்ணாடி அணியுங்கள், மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவையுங்கள்.

5. கிளிப்புக்குப் பின்னால் ஒயரை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்தோ, நொறுங்கினாற்போலவோ இருந்தால், வெளியே எவ்வளவு அழகாயிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

6. வாரம் ஒருமுறை சுமையை வைத்துச் சோதியுங்கள். நாங்கள் சனிக்கிழமை மாலையில் நெபுலைசரைக் கால் மணி நேரம் இன்வெர்ட்டரிலேயே ஓட்டிப் பார்ப்போம். ஆபத்து வரும் இரவில் முதல்முறையாகச் சோதிக்கிறவன் ஏற்கனவே தாமதித்துவிட்டான்.

இன்னொரு எச்சரிப்பு. இக்காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு விமானங்களிலும் கார்களிலும் பலவற்றில் இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் அறை ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, மீறினால் தீப்பற்றும். ஈய-அமிலப் பேட்டரியின் சார்ஜரில் அதை ஒருக்காலும் மாட்டாதீர்கள். பலவகைப் பேட்டரிகளுக்கும் உதவும் டிஜிட்டல் சார்ஜர் வைத்திருப்பவர்கள், பேட்டரியின் வகையையும் அறைகளின் எண்ணிக்கையையும் இரண்டுமுறை பார்த்துவிட்டே பொத்தானை அழுத்துங்கள். உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். படுக்கையின்மேல் வைத்து ஏற்றிவிட்டுத் தூங்கவும் வேண்டாம்.

அம்மா படித்த எண்

எல்லாவற்றையும் சரிசெய்து நான் பெங்களூருக்குப் புறப்பட்டபோது, அப்பா அம்மாவைக் கூப்பிட்டு மல்டிமீட்டரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாத அம்மா, சிவப்பு ஒயர் எது, கறுப்பு ஒயர் எது என்று நாலைந்துமுறை கேட்டு, பயந்து பயந்து வைத்து, எண்ணைப் படித்தார்கள். "பன்னிரண்டு புள்ளி ஆறு."

அன்றிலிருந்து நான் தொலைபேசியில் கேட்கும் கேள்வி மாறிற்று. "லைட் எரிந்ததா?" என்று கேட்பதில்லை. "எத்தனை இருக்கிறது?" என்றே கேட்பேன். பேட்டரியோடு அந்த மாற்றம் நின்றுவிடவுமில்லை. முன்பெல்லாம், "அப்பா எப்படி இருக்கிறார்?" என்பேன், "நல்லா இருக்கிறார்" என்று பதில் வரும், அத்தோடு முடிந்தது. மகன் தூரத்தில் கவலைப்படக் கூடாதென்று பெற்றோர் எரியவைக்கிற பச்சை விளக்கு அது. இப்பொழுது, "இரவில் எத்தனைமுறை எழுந்தார்? கடைவரைக்கும் நடந்தாரா, வழியில் உட்கார்ந்தாரா? மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கினேன். அப்பொழுதுதான் அநேக காரியங்கள் வெளியே வந்தன. இரண்டு மாதமாய் அப்பா படுக்காமல், சுவரில் சாய்ந்தே தூங்கிவந்தார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

நாம் பட்டணத்தில் உழைக்கிறோம். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். அனுப்பினோம் என்பதற்கு ரசீது இருக்கிறது. அது அவர்களைப் போய்ச் சேர்ந்து, அவர்கள் தேவையை நிரப்பிற்றா என்பதை அந்த ரசீது சொல்லாது. அந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். முடிந்தால் இந்த வாரமே ஊருக்குப் போய்வாருங்கள். போகக் கூடாதவர்கள், பதில் சொல்ல எண் தேவைப்படுகிற கேள்வியாய்க் கேளுங்கள்.

என் தகப்பனார் 2016ஆம் வருஷத்தில், தம் கட்டிலிலேயே, நாங்கள் எல்லாரும் சுற்றியிருக்க, சமாதானத்தோடே நித்திரையடைந்தார். அதற்குப்பின் பேட்டரி ஒருமுறை மாறிவிட்டது. தகரப் பெட்டிச் சார்ஜர் அதேதான். அவர் ஒட்டின காகிதம் பழுத்துவிட்டது. எழுத்து இன்னும் தெரிகிறது. நெபுலைசர் இல்லாவிட்டாலும் இரவு விளக்குக்காக அதை வைத்திருக்கிறோம்.

சனிக்கிழமை மாலைதோறும் அம்மாவின் அழைப்பு வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். சென்ற வாரம் 12.5. "கொஞ்சம் குறைந்திருக்கிறதே தம்பி, தண்ணீர் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்கள். பார்க்கச் சொன்னேன். மூன்றாவது அறையில் தண்ணீர் குறைந்திருந்தது.